இஸ்பேடு ராஜாவும் ரோமாபுரிக் கத்திகளும்

போன மாசம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலையில் ஆறு மணிக்கு முகூர்த்தம் என்பதால் முதல் நாள் ராத்திரியே மண்டபத்துக்குப் போயாச்சு. அப்புறம் என்ன, மாடியில் பாயை விரிச்சு சீட்டுக் கச்சேரிதான். நான் கையில் வாங்கின சீட்டெல்லாம் தரித்திரம். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த அக்கா பையன் (ஆறாங்கிளாஸ் படிக்கிறான், கேள்வியின் நாயகன்) திடீர்னு கேட்டான்.

"மாமா, ஸ்பேடுன்னா மண்வெட்டின்னுதானே இங்கிலீஷ் புக்ல போட்டிருக்கு? இது மண்வெட்டி மாதிரியே இல்லையே?"

கையில் இருந்த இஸ்பேடு ராஜாவை உத்துப் பார்த்தேன். பய சொல்றது நியாயம்தான். காம்பு கீழ, நுனி மேல வச்ச அரச இலை மாதிரி இருக்கு. மண்வெட்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? "ஆட்டத்தைப் பாருடா"ன்னு அப்போதைக்கு அவன் வாயை அடைச்சுட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சவன் ரோமாபுரி வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பினேன். இஸ்பேடு மண்வெட்டி இல்லை மக்களே, வாள்! அதுவும் லத்தீன்காரன் வாள்.

லத்தீன்-ஆங்கில அகராதியைப் புரட்டினால் சிரிப்புதான் வரும். கிளாடியஸ் என்றால் ஸ்வோர்டு. என்ஸிஸ் என்றால் ஸ்வோர்டு. ஸ்பாதா என்றால் அகலமான ஸ்வோர்டு. ஃபெர்ரம் என்றால் இரும்பு, அப்புறம் ஸ்வோர்டு. முக்ரோ என்றால் முனை, அப்புறம் அதுவும் ஸ்வோர்டு. அஞ்சு சொல்லுக்கும் இங்கிலீஷ்காரன் ஒரே பதிலைச் சொல்லிட்டுப் போயிடுறான். தமிழில் எழுதினா நாமளும் 'வாள்'னு எழுதிட்டுப் போயிடுவோம். ஆனா நம்மூர்ப் பேப்பரில் பட்டாக்கத்தி, சூரிக்கத்தி, வீச்சரிவாள்னு எழுதினா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆள் கண்ணு முன்னாடி வந்து நிக்கிறான் இல்லையா? ரோமானியனுக்கும் அப்படித்தான்.

இந்தச் சந்தேகம் அவங்களுக்கே வந்திருக்கு. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை சொல்லிக் கொடுத்த குயின்டிலியன் என்ற வாத்தியார், என்ஸிஸும் கிளாடியஸும் ஒரே பொருள்தான், எதைப் போட்டாலும் அர்த்தம் மாறாது என்கிறார். ஃபெர்ரமும் முக்ரோவும் ஆகுபெயர் மாதிரி வர்றது என்கிறார். 'இரும்பு' என்று சொல்லி வாளைக் குறிப்பது, 'முனை' என்று சொல்லி முழு வாளையும் குறிப்பது. நம்ம இலக்கண வாத்தியார் கருவியாகுபெயர், சினையாகுபெயர்னு கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே சமாச்சாரம்தான். அர்த்தம் ஒண்ணுன்னு குயின்டிலியன் சொன்னாலும் புழக்கம் ஒண்ணு இல்லை. என்ஸிஸ் கவிஞர்கள் சொத்து. விர்ஜில் தன் காவியத்தில் பக்கத்துக்குப் பக்கம் என்ஸிஸைத்தான் உருவ விடுகிறார், கிளாடியஸ் என்ற சொல் அபூர்வமாகத்தான் தலைகாட்டும். சீசர் போர்க்களக் குறிப்பு எழுதும்போதோ எல்லாம் கிளாடியஸ்தான். நாம சண்டையில் 'கத்தியை எடுத்தான்'னு சொல்லிட்டு, பரணியில் 'வாளை உருவினான்'னு படிக்கிற மாதிரி.

இந்த என்ஸிஸுக்கு நம்மோடு ஒரு தூரத்து உறவு இருக்கு. சமஸ்கிருதத்தில் வாளுக்கு 'அசி' என்று ஒரு பேர். தமிழ் அகராதியிலும் அசி என்றால் வாள்னு போட்டிருக்கும். கருட புராணத்தில் பாவிகளை அனுப்பும் அசிபத்திரவனம் ஞாபகம் இருக்கா? இலையெல்லாம் வாளாக இருக்கிற காடு. அந்த அசியும் லத்தீனின் என்ஸிஸும் ஒரே மூலச் சொல்லிலிருந்து பிரிந்த பங்காளிகள். (ஆரிய-திராவிடச் சண்டைக்கு யாரும் கிளம்பி வராதீங்க. இது சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவு, நாம சும்மா பக்கத்து வீடு.) ஆக, ரோமானியர் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கூடவே கொண்டுவந்த வாள் என்றால் அது என்ஸிஸ்தான். அது செய்யுளில் போய் உட்கார்ந்துகிட்டது. சண்டைக்குப் போனது கடன் வாங்கின கத்தி!

கடன்னு சும்மா சொல்லலை. ரோமைப் பேரரசாக்கின வாளுக்கு அவங்களே வச்ச பேரு 'கிளாடியஸ் ஹிஸ்பானியென்ஸிஸ்', அதாவது ஸ்பானிய வாள். கி.மு. 218 முதல் 201 வரை ஹானிபாலோடு மல்லுக்கட்டினாங்களே, அந்தப் போரை ஒட்டித்தான் பழைய வாளை விட்டுட்டு ஸ்பெயின்காரன் வாளுக்கு மாறினாங்கன்னு ஒரு தகவல் இருக்கு. பைசாந்தியத்தில் பின்னாளில் தொகுத்த 'சுய்தா' என்ற கலைக்களஞ்சியத்தில் வரும் குறிப்பு இது. வடிவத்தை அப்படியே காப்பி அடிச்சுட்டாங்க, ஆனா அந்த இரும்பின் தரத்தைத்தான் கொண்டுவர முடியலைன்னும் அதிலேயே எழுதியிருக்கு. வாள் மட்டுமில்லை, கிளாடியஸ் என்ற சொல்லே கெல்டிக் மொழிக்காரர்களிடமிருந்து வாங்கினது என்பதுதான் மொழியியலாளர்கள் பெரும்பாலோர் கருத்து. வேல்ஸ் மொழியில் வாளுக்கு 'கிளெத்திவ்', பழைய ஐரிஷில் 'கிளைதெப்'. காதில் கேட்டாலே சொந்தம் தெரியுது.

சினிமாவில் கிளாடியஸ் என்றால் ஒரு முழம் கத்தியைக் காட்டுவாங்க. ஆரம்பகால ஸ்பானிய வாளின் அலகு மட்டுமே 60 செ.மீ.க்கு மேல இருந்திருக்கு. லிவி என்ற வரலாற்றாசிரியர் கி.மு. 200-இல் நடந்த மாசிடோனியப் போரைப் பத்தி எழுதும்போது ஒரு காட்சி வருது. அதுவரைக்கும் அம்புக் காயம், ஈட்டிக் காயம் மட்டுமே பார்த்துப் பழகின மாசிடோனிய வீரர்கள், செத்துப்போன தங்கள் ஆட்களின் உடம்புகளைப் பார்க்கிறாங்க. தோளோடு போன கை, தனியாக் கிடக்கிற தலை. எப்பேர்ப்பட்ட ஆயுதத்தோடு மோதப் போறோம்னு பதறிப் போறாங்க. அலெக்ஸாண்டரின் வாரிசுகள் பயந்த கத்தி அது. பிற்பாடு அது குட்டையாகிக்கிட்டே வந்து, எரிமலையில் புதைஞ்ச பாம்பேய் நகரத்தின் பேரால் சொல்லப்படும் வகையில் அலகு 50 செ.மீ. அளவுக்கு வந்துடுச்சு. கேடயத்துக்குப் பின்னாடி நெருக்கி நின்னு, குத்தி எடுக்க அதுபோதும். வெகெடியஸ் என்ற பிற்கால எழுத்தாளர், வெட்டு எவ்வளவு பலமா விழுந்தாலும் அடிக்கடி ஆள் பிழைச்சுக்குவான், குத்து ரெண்டு அங்குலம் இறங்கினாலே முடிஞ்சதுன்னு கணக்குச் சொல்றார். புதுசா சேர்ந்தவனுக்கு இருமடங்கு எடையுள்ள மரக்கத்தியைக் கொடுத்து, நட்டு வச்ச கம்பத்தைக் குத்தச் சொல்லிப் பழக்குவாங்களாம்.

மரக்கத்தின்னதும் ஞாபகம் வருது. கிளாடியஸிலிருந்து வந்தவன்தான் கிளாடியேட்டர், வாள்காரன். அவன் பல சண்டை ஜெயிச்சு விடுதலை ஆகும்போது அடையாளமா ஒரு மரக்கத்தி கொடுப்பாங்க, அதுக்கு 'ரூடிஸ்'னு பேர். இரும்புக் கத்திக்காரன் அடிமை, அட்டக்கத்திக்காரன் சுதந்திர மனுஷன். எப்படி இருக்கு! :-)

வாள் இருந்தா உறை வேணுமே. உறைக்கு லத்தீனில் 'வகீனா'. ஆமாங்க, நீங்க நினைக்கிற அதே சொல்தான். உடற்கூறு எழுதினவங்க பின்னாளில் இந்த உறையை எடுத்து அங்க வச்சுட்டாங்க, அதுக்கு ரோமானியச் சிப்பாய் என்ன செய்வான்? சீசர் தன் கால் போர்க் குறிப்பில் ரொம்ப சீரியஸாக இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். கி.மு. 54, குளிர்காலம். நெர்வி இனத்தார் ரோமானியப் பாசறையைச் சுத்தி வளைச்சுட்டாங்க. உள்ள புல்லோ, வொரேனஸ்னு ரெண்டு செஞ்சூரியன்கள். பதவி உயர்வில் யார் முந்துறதுன்னு ரெண்டு பேருக்கும் வருஷக்கணக்கா போட்டி. புல்லோ, "என்ன யோசனை? இன்னிக்கு முடிவு பண்ணிக்குவோம்"கிற தோரணையில் வெளியே பாய்ந்துடுறான். எதிரி எறிஞ்ச ஈட்டி கேடயத்தைத் துளைச்சு இடைவாரில் மாட்டிக்குது. அந்த அடியில் வாளுறை பக்கவாட்டில் திரும்பிடுது. வாளை உருவக் கை வச்சா, வாள் அங்க இல்லை! தடவிக்கிட்டு நிக்கிறான். சுத்தி ஆட்கள். அந்த நேரம் ஓடி வந்து காப்பாத்துறது யாரு? பரம எதிரி வொரேனஸ். அடுத்த நிமிஷம் அவன் பள்ளத்தில் இடறி விழ, இப்ப புல்லோ அவனைக் காப்பாத்துறான். ரெண்டு பேரில் யார் பெரியவன்னு தீர்ப்பு சொல்லவே முடியலைன்னு சீசர் முடிச்சுடுறார். 2005-இல் வந்த 'ரோம்' தொலைக்காட்சித் தொடர் பார்த்தவங்களுக்கு இந்தப் பேருங்க தெரிஞ்சிருக்கும். உருவாக்கினவங்க சீசர் புத்தகத்திலிருந்து அப்படியே உருவினதுதான்.

வகீனா ஸ்பானிய மொழியில் 'வைனா' ஆச்சு. சின்ன உறை 'வைனில்யா'. மெக்சிகோவில் உறை மாதிரி நீளமா ஒரு காயைப் பார்த்து அந்தப் பேரையே வச்சாங்க. அதுதான் வனிலா. ஐஸ்க்ரீம் சாப்பிடும்போது இதையெல்லாம் நினைக்காதீங்க.

கத்தி வரிசையில் இன்னும் ரெண்டு சின்னப் பசங்க உண்டு. ஒண்ணு பூகியோ, இடுப்புக் குத்துவாள். சீசரைக் கொன்ன புரூட்டஸ் அடிச்ச வெள்ளிக் காசில் ரெண்டு குத்துவாள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை போடும் தொப்பி, கீழ மார்ச் பதினஞ்சுன்னு தேதி. செஞ்ச கொலையைக் காசில் அச்சடிச்சு சம்பளமாக் கொடுத்த மகானுபாவன். இன்னொண்ணு சீகா. வளைஞ்ச குத்துவாள், திரேஸ் நாட்டுப் பாணி, துணிக்குள்ள மறைக்கத் தோதானது. சீகா வச்சிருப்பவன் 'சிகாரியஸ்'. கி.மு. 81-இல் சுல்லா போட்ட கொலைத் தடுப்புச் சட்டத்தின் பேரிலேயே சிகாரியஸ் இருக்கு. அதே குயின்டிலியன் வாத்தியார், இப்பல்லாம் எந்த ஆயுதத்தால் கொன்னாலும் சிகாரியஸ்னுதான் சொல்றோம்னு அலுத்துக்கிறார். ஜெருசலேமில் திருவிழாக் கூட்டத்தில் கலந்து, அங்கிக்குள்ளிருந்து குறுங்கத்தியை எடுத்துக் குத்திட்டு, 'ஐயோ கொலை'ன்னு தானும் சேர்ந்து கத்திய கூட்டத்துக்கு இந்தப் பேரைத்தான் ஜோசீஃபஸ் எழுதுகிறார். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளிலும் வரும். தமிழில் 'கொலைபாதகர்'னு மாத்தினதில் கத்தி காணாமப் போயிடுச்சு. ஸ்பானிய மொழியில் கூலிக்கொலைகாரன் இன்னிக்கும் 'சிகாரியோ'தான். 2015-இல் அந்தப் பேரில் ஒரு ஹாலிவுட் படமே வந்தது.

சரி, இஸ்பேடுக்கு வருவோம். நான் இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்ததே ஸ்பாதாவுக்காகத்தான்.

ஸ்பாதா கிரேக்கச் சொல். அடிப்படையில் தட்டையா நீளமா இருக்கிற எதையும் குறிக்கும். தறியில் ஊடு நூலை அடிச்சு நெருக்கும் மரப்பலகை, துடுப்பின் பலகை, ஈச்சங்குலையை மூடியிருக்கும் பாளை. நம்ம தென்னம்பாளைக்கும் தாவரவியல் பாடத்தில் 'ஸ்பேத்'துன்னுதானே படிச்சோம்? அதேதான். சின்ன ஸ்பாதா 'ஸ்பாட்டுலா', நம்ம தோசைத் திருப்பி. தோள்பட்டை எலும்பு தட்டையா இருக்கிறதால் அதுக்கும் ஸ்பாட்டுலான்னு பேர் வந்து, பிரெஞ்சில் தோள் என்றால் 'எபோல்' ஆகி, இன்ஸ்பெக்டர் தோளில் நட்சத்திரம் குத்தியிருக்கும் பட்டைக்கு 'எபோலெட்'னு பேராச்சு. தறிக்கட்டை, தென்னம்பாளை, தோசைக்கரண்டி, போலீஸ் தோள்பட்டை. இந்தக் குடும்பத்தில்தான் ஒரு பிள்ளை வாளாகப் பிறந்திருக்கு. கிளாடியஸைவிட நீளம், முக்கால் மீட்டர் வரைக்கும் போகும். குதிரை மேல இருந்து கீழ நிக்கிறவனை வெட்டணும்னா இந்த நீளம் வேணும்.

அந்தக் குதிரை மேல இருந்தது யாருங்கிறதுதான் விஷயமே. லீஜியன் என்ற முதல்தரப் படையில் சேர ரோமானியக் குடியுரிமை வேணும். ஜெயிச்ச நாடுகளிலிருந்து பிடிச்ச கால் நாட்டான், திரேஸ்காரன், பட்டாவியனெல்லாம் துணைப்படை. அவங்க 25 வருஷம் சேவகம் பண்ணினாத்தான் குடியுரிமை, அதுக்கு வெண்கலத் தகட்டில் ஒரு சான்று. கி.பி. 50 வாக்கில் பிரிட்டனில் கராட்டகஸ் என்ற தலைவன் தோற்ற போரை டாசிடஸ் எழுதுகிறார். பிரிட்டன்காரர்கள் துணைப்படையை எதிர்த்தா லீஜியனின் கிளாடியஸிலும் எறியீட்டியிலும் விழுந்தாங்க, இந்தப் பக்கம் திரும்பினா துணைப்படையின் ஸ்பாதாவிலும் ஈட்டியிலும் விழுந்தாங்கன்னு ஒரே வாக்கியம். இதை நான் தமிழில் எழுதிப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் 'வாள்'னு வந்தது. உடனே வாக்கியம் செத்துப்போச்சு. டாசிடஸ் ஒரே மூச்சில் யார் குடிமகன், யார் குடிமகன் இல்லைன்னு கையில் இருக்கிற கத்தியை வச்சே சொல்லிட்டார். நமக்கு வெறும் வாள் சண்டைதான் தெரியுது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் ஒண்ணு குட்டை வாள், ஒண்ணு அகல வாள்னு வித்தியாசம் காட்டுவாங்க. அதிலும் அளவுதான் தெரியும், ஆள் தெரிய மாட்டான்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ரெண்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே லீஜியன்காரனும் குட்டைக் கிளாடியஸை வச்சுட்டு நீள ஸ்பாதாவை எடுக்க ஆரம்பிச்சுட்டான். 212-இல் காரகல்லா பேரரசன் சுதந்திர மக்கள் எல்லாருக்கும் குடியுரிமைன்னு அறிவிச்சதும் லீஜியன், துணைப்படைங்கிற பழைய பேதமும் அர்த்தமில்லாமப் போச்சு. வெகெடியஸ் காலத்துக்கு வந்தா, பெரிய வாளுக்கு ஸ்பாதா என்றும், அதோட வச்சிருக்கும் சின்ன வாளுக்கு 'செமிஸ்பாதியம்' என்றும் எழுதுறார். செமிஸ்பாதியம்னா அரை ஸ்பாதா! மத்தியதரைக் கடலைச் சுத்தி எல்லாரையும் குத்தி வளைச்ச அளவிலுள்ள கத்திக்கு, கடைசியில் சொந்தப் பேர்கூட மிஞ்சலை. துணைப்படைக்காரன் கத்தியில் பாதிங்கிறதுதான் அடையாளம்.

லத்தீன் உடைஞ்சு பல மொழிகளானபோதும் இதே கதைதான். இத்தாலியனில் வாள் 'ஸ்பாதா', ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகளில் 'எஸ்பாதா', பிரெஞ்சில் 'எப்பே'. எல்லாம் துணைப்படைக்காரன் சொல். வாள்வீச்சுப் போட்டியில் எப்பே, ஃபாயில், சேபர்னு மூணு வகை இருக்கில்லையா, அந்த எப்பே இதுதான். (2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம சென்னைப் பொண்ணு பவானி தேவி ஆடினது சேபர், குழப்பிக்காதீங்க.) இத்தாலிய சீட்டுக்கட்டில் நாலு சாதி: காசு, கோப்பை, தடி, வாள். வாள் சீட்டுக்கு அங்க 'ஸ்பாதே'. இங்கிலீஷ்காரன் படத்தைப் பிரெஞ்சுச் சீட்டிலிருந்து எடுத்தான், பேரை இத்தாலியிலிருந்து எடுத்தான். பிரெஞ்சில் அந்தப் படம் ஈட்டிமுனை. அதான் பேருக்கும் உருவத்துக்கும் பொருத்தமே இல்லாம நிக்குது. மண்வெட்டியைக் குறிக்கும் ஸ்பேடு தனியா ஜெர்மானிய வழியில் வந்த சொல், மூதாதை மட்டும் ஒண்ணு.

கிளாடியஸ் என்ன ஆச்சு? பொக்கேயில் சொருகுவாங்களே கிளாடியோலஸ் பூ, இலை வாள் மாதிரி இருக்கிறதால் 'குட்டி வாள்'னு ரோமானியரே வச்ச பேர் அது. கடலில் இருக்கிற வாள்மீனுக்கு 1758-இல் லின்னேயஸ் 'ஸிஃபியஸ் கிளாடியஸ்'னு பேர் வச்சார். ஸிஃபியஸில் கிரேக்க வாள், கிளாடியஸில் லத்தீன் வாள்.

ஆனா அந்தக் கெல்டிக் பங்காளி சும்மா இருக்கலை. ஸ்காட்லாந்துக்காரன் ரெண்டு கையால் பிடிச்சுச் சுழற்றும் பெரிய வாளுக்குக் கேலிக் மொழியில் 'கிளைவ் மோர்'. மோர் என்றால் பெரிய. அமெரிக்காவில் 1950-களில் நார்மன் மக்லியோட் என்பவர் ஒரு கண்ணிவெடியை வடிவமைச்சு, தன் முன்னோர் வாளின் பேரை அதுக்கு வச்சார். வெடிச்சா ஏறக்குறைய 700 இரும்புக் குண்டுகள் ஒரே பக்கமாப் பாயும். இங்கிலீஷில் அதைக் 'கிளேமோர்' என்பாங்க. அதைத்தான் 2006, 2007-இல் ஈழச் செய்திகளில் நாம 'கிளைமோர்' 'கிளைமோர்'னு படிச்சுக்கிட்டிருந்தோம். செத்தவங்க கணக்கைப் படிச்சதில் அந்தப் பேர் எங்கிருந்து வந்ததுன்னு கேட்கத் தோணினதே இல்லை. கெல்டிக்காரனிடம் ரோமானியன் வாங்கின அதே சொல்லின் உடன்பிறப்பு, வவுனியா ரோட்டோரத்தில் கிடந்திருக்கு.

அக்கா பையனுக்குப் போன் போட்டு இஸ்பேடு வரைக்கும் சொன்னேன், கிளைமோர் சொல்லலை. முழுசாக் கேட்டுட்டு, "அப்ப கிளாவர்னா என்ன மாமா?"ங்கிறான். டச்சுக்காரன் பாஷையில் 'கிளாவர்'னா மூணு இலைப் புல்லுடான்னேன். "இது மட்டும் படத்தோட சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு வச்சுட்டான்.

கேடயத்தைப் பத்தித் தனியா எழுதணும். லத்தீன் 'ஸ்கூட்டம்' போர்ச்சுகலில் 'எஸ்கூடோ'ன்னு பணமா மாறி, ஐரோப்பாவில் யூரோ வர்ற வரைக்கும் சட்டைப்பையில் புழங்கியிருக்கு. அது அடுத்த வாட்டி.